எழுதப்படாத தேய்மானக் கணக்கு

உழைப்பை உழைப்பவரிடமிருந்து பிரித்து விற்க இயலாது என்பது பொருளியலின் அரிச்சுவடிப் பாடம். அதைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், ஹாலிவுட் நடிகையும் பாடகியுமான ஜூடி கார்லண்டின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான சான்று அதற்கு இல்லை என்பேன்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கிராண்ட் ராப்பிட்ஸ் என்னும் சிற்றூரில் 1922-இல் பிறந்தவர் அவர். தந்தை நடத்திய திரையரங்கின் மேடையில் முதன்முதலாகப் பாடியபோது மூன்று வயதுகூட நிறையவில்லை. 1935-இல், 13 வயதில், எம்.ஜி.எம். நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. சில வாரங்களிலேயே தந்தை காலமானார்.

நடிகர்களை ஏழாண்டு ஒப்பந்தத்தில் பிணைப்பது அன்றைய ஸ்டூடியோக்களின் வழக்கம். எந்தப் படம், என்ன வேடம் என்பதை நிறுவனமே தீர்மானிக்கும். உடல் பருக்கக் கூடாது என்று அச்சிறுமியின் உணவைக் குறைத்தனர். சோர்வின்றி நடிக்க ஒரு மாத்திரை, உறங்குவதற்கு இன்னொன்று.

1939-இல் வெளியான 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' அவருக்கு உலகப் புகழைத் தந்தது. அதில் அவர் பாடிய வானவில் பாடலை நீக்கிவிடவும் முனைந்தனர். தப்பிப் பிழைத்த அப்பாடல் ஆஸ்கர் விருது பெற்றது.

அதே ஆண்டில்தான் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கும் சட்டத்தைக் கலிஃபோர்னியா இயற்றியது. ஜாக்கி கூகன் என்ற குழந்தை நட்சத்திரம் ஈட்டிய பெருஞ்செல்வத்தைத் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட்டதன் விளைவு அது. அச்சட்டம் பணத்தில் ஒரு பகுதியைக் காக்க முற்பட்டது. உடலையும் உறக்கத்தையும் காக்கவில்லை.

படப்பிடிப்புக்கு ஒழுங்காக வருவதில்லை என்ற புகார்களுக்கிடையே 1950-இல் எம்.ஜி.எம். உறவு முறிந்தது. அப்போது அவருக்கு வயது 28. இயந்திரத்துக்குக்கூடத் தேய்மானக் கணக்கு எழுதும் முதலாளிகள், இப்பெண்ணின் தேய்மானத்தை அவர் தலையிலேயே சுமத்தினர்.

ஆயினும் அவர் மீண்டெழுந்தார். 1954-இல் 'எ ஸ்டார் இஸ் பார்ன்' வெளிவந்தது. 1961-இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அவர் நடத்திய கச்சேரியின் இசைத்தட்டு, ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதை வென்றது. அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. இருந்தும் வரி பாக்கியும் கடனும் அவரை விடாமல் துரத்தின. 1969 ஜூன் 22 அன்று, லண்டனில், அளவு மீறிய தூக்க மருந்தால் மறைந்தார். வயது 47.

கேமரா முன் பாடும் குழந்தையைக் கண்டு மகிழ்வதில் தவறில்லை. அதற்கு எவ்வளவு பணம் சேர்ந்தது என்று கேட்பதற்கு முன், நேற்றிரவு அது எத்தனை மணி நேரம் உறங்கியது என்று கேட்கும் சமூகமே நாகரிகமான சமூகம்.