கலைக்கொடை வள்ளல் அழகப்பர்

பொருளீட்டல் வணிக மரபினர்க்கு இயல்பு. ஈட்டிய பொருளை எவ்வழியிற் செலுத்துகின்றனர் என்பதே அவர்தம் தரத்தை அளக்குங் கோலாகும். நம் திருவொற்றியூர்க் கடலோரத்தே சமாதி கொண்ட பட்டினத்தடிகள், பெருஞ்செல்வத்தை ஒரு கணத்தில் துறந்தவர் என்பது வழிவழி வந்த செய்தி. நகரத்தார் மரபிலே பிற்காலத்தே தோன்றிய மற்றொரு பெரியார், தாம் ஈட்டிய செல்வத்தை வித்தியாதானமாக மாற்றினார். அவரே கோட்டையூர் இராம. அழகப்பச் செட்டியார்.

இவர் 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்று, இலண்டன் சென்று பாரிஸ்டரானார். இளமையிலேயே தொழுநோய் அவரைப் பற்றியது. அந்நோய் உடலை வாட்டிற்றேயன்றி ஊக்கத்தைத் தணித்திலது. நூற்பாலை முதலிய பல தொழில்களில் இறங்கிப் பெரும்பொருள் திரட்டினார்.

அக்காலத்தே பருத்தியும் தோலும் நம் நாட்டில் மிகுந்திருந்தன. அவற்றைப் பக்குவஞ் செய்யும் சாஸ்திர அறிவுக்கோ பிற நாட்டாரையே எதிர்நோக்கியிருந்தோம். இக்குறையை நீக்கக் கருதிய செட்டியார், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 இலட்சம் ரூபாய் வழங்கினார். அதன் பயனாய் 1944-இல் கிண்டியில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றி, இரசாயனப் பொறியியல், நெசவு, தோல் ஆகிய துறைகளைக் கற்பிக்கலாயிற்று.

அவ்வளவில் அவர் அமைந்தாரல்லர். 1947-இல் காரைக்குடியில் கலைக்கல்லூரி நிறுவினார். 1952-இல் பொறியியற் கல்லூரியும் எழுந்தது. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தார். 1948 ஜூலை 25-இல் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953-இல் அது திறக்கப்பெற்றது. கடலின் உவர்க்காற்று இரும்பை அரித்துத் தின்பதை ஒற்றியூரார் நாடோறுங் காண்கின்றோம். அவ்வரிப்பைத் தடுக்கும் வழியை ஆராய்தலும் அந்நிலையத்தின் பணிகளுள் ஒன்று. தாம் வாழ்ந்த மாளிகையையும் பெண்கல்விக்கே அளித்த அவ்வள்ளல், 1957 ஏப்ரல் 5-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அடுத்த நாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும்.

அவர் நட்ட விதை பின்னரும் தழைத்தது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியற் கல்லூரி, குரோம்பேட்டைத் தொழில்நுட்ப நிலையம், கட்டடக்கலைப் பள்ளி ஆகியவற்றோடு அழகப்பர் கல்லூரியும் ஒன்றுகூட, 1978-இல் இன்றைய அண்ணா பல்கலைக்கழகம் உருவாயிற்று. எந்தக் குலத்துப் பிள்ளையாயினும் தகுதியால் அங்கே இடம்பெறலாம். இதுவே அவர் கொடையின் பெருமை.

அன்பர்காள்! எண்ணெய்ச் சுத்திகரிப்பும் உரமும் மின்சாரமும் பெருகிய மணலி எண்ணூர்ப் பகுதியின் அருகே நாம் வாழ்கின்றோம். அத்தொழில்களை அறிந்து நடத்தவும், அவற்றின் புகையாலும் கழிவாலும் நேரும் தீங்கை அகற்றவும் கற்றவர் வேண்டும். அவர் நம் வீடுகளிலிருந்தும் அண்டை வீடுகளிலிருந்துமே வருதல் வேண்டும். ஆகவே பெண்மக்களையும் ஆண்மக்களுக்கு நிகராகத் தொழிற்கல்விக்கு அனுப்புவோம். மணவிழாச் செலவிற் சிறு கூற்றையேனும் குறைத்து, கட்டணஞ் செலுத்த இயலாத ஒரு மாணாக்கருக்கு உதவுவோம். இலட்சங்கள் அளிக்க யாவராலும் ஆகாது. ஒரு பிள்ளையின் படிப்புத் தடையுறாமற் காப்பது பலராலும் ஆகும்.