கார்த் டேவிட் ஸ்டூவர்ட் சரிதம்

வாளேந்திப் போர்புரிந்தோர் பலர். போரின் வரலாற்றை எழுதி வைத்தோர் சிலர். இவ்விரண்டையும் ஒருவரே செய்தல் அரிது. அவ்வரியோருள் ஒருவராகிய டேவிட் ஸ்டூவர்ட் என்பாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம். ஸ்காத்லாந்து தேசத்துப் பெர்த்ஷயர் மலைநாட்டில், கார்த் என்னும் நிலத்துக்குரிய குடியில் இரண்டாம் புதல்வராய்த் தோன்றியமையால், அவரைக் கார்த் ஸ்டூவர்ட் என்றே அந்நாட்டார் வழங்குவர்.

அவர் பிறந்த மலைநாடு கேலிக் மொழி பேசுவது. குலத்தலைவரையும் குலமுறையையும் உயிரினும் மேலாகப் போற்றியது. 1745-ஆம் ஆண்டில் இளவரசர் சார்ல்ஸ் எட்வர்டு தம் முன்னோர் இழந்த அரியணையை மீட்கக் கொடியுயர்த்தியதும், மறு ஆண்டில் கல்லோடன் களத்தில் தோற்றதும் அவருடைய இளமையில் முதியோர் பலர் கண்ணாற் கண்ட நிகழ்ச்சிகளாயிருந்தன. ஏட்டில் எழுதப்படாத சரித்திரத்தைக் கேட்டு நினைவிற் கொள்ளும் வழக்கம் அவருக்கு அக்காலத்திலேயே வாய்த்ததென்று கருத இடமுண்டு.

கார்த்துக்கு அணித்தாயுள்ள ஆபர்பெல்டி என்னும் ஊரில், டே ஆற்றங்கரையில், 1740-ஆம் ஆண்டு ஒரு காலாட்படை முதன்முதல் அணிவகுத்து நின்றது. மலைநாட்டைக் காவல் காக்க 1725-இல் அமைக்கப்பட்டிருந்த தனிக்கூட்டங்களை ஒன்றாக்கி எழுந்த படை அது. கரிய சாயல் படிந்த கட்டம்போட்ட உடையை அணிந்தமையால் அதற்குப் பிளாக் வாட்ச், அதாவது கருங்காவல், எனப் பெயர் வந்ததென்பர். பின்னர் 1749-இல் 42-ஆம் ரெஜிமென்டு என எண் பெற்றது. இப்பட்டாளத்திலேயே ஸ்டூவர்ட் 1787-ஆம் ஆண்டு எளிய அதிகாரியாய்ச் சேர்ந்தார்.

அவர் கண்ட போர்க்களங்களை எல்லாம் விரித்தல் வேண்டா. பிளாண்டர்ஸ் நாட்டிலும், மேலிந்தியத் தீவுகளிலும், எகிப்திலும் பொருதார். 1801-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அலெக்சாந்திரியாவின் எதிரே நிகழ்ந்த போரிற் கடுங்காயம் பட்டார். 1804-இல் 78-ஆம் ரெஜிமென்டில் மேஜரானார். 1806-இல் இத்தாலியின் தென்கோடியிலுள்ள மாயிடாக் களத்தில் மீண்டும் காயமுற்றார். நெப்போலியனுடைய போர்கள் ஓய்ந்தபின், கர்னல் பதவியும் அரைச்சம்பளமும் உடையவராய் ஊர் திரும்பினார். அவ்வளவில் நின்றிருப்பின் அவர் பெயரை இன்று நினைப்பார் எவருமிலர்.

1817-ஆம் ஆண்டில் 42-ஆம் பட்டாளத்தார் அவரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தனர். அவர்தம் பழைய பதிவேடுகள் போர்ப்பணியிடையே தொலைந்துபோயின. எந்த ஆண்டில் எங்கே போரிட்டோம், எத்தனை பேரை இழந்தோம் என்று காட்டுதற்குத் தக்க ஏடு அவர்களிடம் இல்லை. ஆகவே படையின் ஊழியத்தைத் தொகுத்து ஒரு குறிப்பு எழுதித் தருமாறு தம் பழைய அதிகாரியை நாடினர். சில தாள்களில் முடியக்கூடிய வேலை என்றே யாவரும் எண்ணியிருத்தல் கூடும். அஃது ஐந்தாண்டு உழைப்பாயிற்று. இரண்டு பெருந்தொகுதிகளாய் 1822-இல் எடின்பரோ நகரில் அச்சேறிற்று.

இவ்வளவு பெருகியதேன்? ஏடு இல்லாத இடத்தில் மனிதரைத் தேடவேண்டியதாயிற்று. தாம் இளமையிற் கேட்டவற்றை நினைவிலிருந்து எடுத்தார், முதியோரை வினவினார், செய்தி அறிந்தோர்க்குக் கடிதம் விடுத்தார். நரைத்த தலைகள் ஒவ்வொன்றாய் மண்ணுக்குட் செல்லுமுன் அவற்றிலிருந்த செய்தியைக் காத்தல் வேண்டும் என்னும் விரைவு அம்முயற்சியில் இருந்தது. அதனினும் பெரிய காரணம் மற்றொன்றுண்டு. வட அமெரிக்காவில் டைகாண்டரோகாக் கோட்டையின் எதிரே 1758-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் இப்படையினர் 314 பேர் மாண்டனர். 333 பேர் காயமுற்றனர். படையிற் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் வீழ்ந்தும் எஞ்சியோர் பின்வாங்க மனமின்றி நின்றனர் என்றால், அத்தகையோரை ஈன்ற நாடு எத்தகையது என்று வினவாமல் ஆசிரியர் மேற்செல்ல இயலவில்லை. ஆதலால் படையின் கதை மலைநாட்டு மக்களின் ஒழுக்கம், உழவு, குலமுறை ஆகியவற்றின் கதையாகவும், பிற மலைநாட்டுப் பட்டாளங்களின் கதையாகவும் விரிந்தது. 1780-இல் சென்னையில் இறங்கி, காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள பொள்ளிலூரிலும், மறு ஆண்டு பரங்கிப்பேட்டையிலும் ஐதர் அலியின் சேனையை எதிர்த்த மக்லியாட் பட்டாளமும் அந்நூலில் இடம்பெற்றுள்ளது. நம்மவர் அப்பகுதியைப் படித்தல் நன்று.

படைகளின் பெருமையை மட்டும் எழுதி, சிறுமையை மறைக்கும் ஆசிரியர் உளர். ஸ்டூவர்ட் அத்தகையர் அல்லர். 1743-இல் இதே கருங்காவற்படை இலண்டனுக்கு நடத்திச் செல்லப்பட்டது. அரசர் தங்களைப் பார்வையிடுவார் என நம்பிச் சென்றோர், அரசர் அங்கில்லாமை கண்டனர்; காய்ச்சலால் மாய்க்கும் மேலிந்தியத் தீவுகளுக்குத் தங்களை அனுப்பப்போவதாக ஒரு வதந்தியும் கேட்டனர். நூற்றுவருக்கு மேற்பட்டோர் இரவோடிரவாய் ஊர்நோக்கிப் புறப்பட்டனர், வழியிற் பிடிபட்டனர். அவருள் மூவர் ஜூலை 18-ஆம் நாள் இலண்டன் கோட்டையிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். இதனை ஆசிரியர் மறைக்கவில்லை. 1783-இல் ஆதோல் பட்டாளத்தார், போர் முடிந்ததும் வீடு திரும்பலாம் என்ற உடன்படிக்கையில் சேர்ந்தும், கீழிந்தியாவிற்குக் கப்பலேற ஆணை பெற்றுப் போர்ட்ஸ்மத் துறையில் மறுத்து நின்றதையும் எழுதினார். குற்றம் வீரர்பால் அன்று, வாக்குத் தவறியோர்பாலதே என்பது அவர் துணிபு. நூல் முழுவதிலும் எம் உள்ளத்தை மிகவும் கவர்ந்த பகுதி இதுவேயாம்.

அக்காலத்தில் மலைநாட்டு நிலப்பிரபுக்கள் ஆடு வளர்த்தலால் வரும் ஊதியத்தை விரும்பிக் குடிகளை வெளியேற்றி வந்தனர். சதர்லாந்துப் பகுதியில் ஊர் ஊராய் மக்கள் பெயர்க்கப்பட்டனர். 1799-இல் அரசர் பொருட்டு ஒரு பட்டாளத்தையே தந்த நிலம் அது! போர்வீரரின் வரலாற்றைத் தேடிச் சென்றவர், அவ்வீரர் பிறந்த வீடுகள் வெறுமையாவதைக் கண்டார். தாமும் நிலமுடைய வகுப்பினராயிருந்தும் இச்செயலைக் கடுமையாய்க் கண்டித்து எழுதினார்.

நூல் வெளிவந்த ஆண்டிலேயே நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவிற்கு எழுந்தருளினார். சர் வால்ட்டர் ஸ்காட் நடத்திய அவ்விழாவில் மலைநாட்டார் அணிவகுப்புக்கு ஸ்டூவர்ட் பெருந்துணையாய் நின்றார். குலத்திற்கு ஓர் உடைக்கோலம் என்று இக்காலத்தார் கொள்ளும் கொள்கை வலுப்பெற்றதில் அவருக்கும் பங்குண்டு. பழமையின்பால் அவர் கொண்ட காதல் ஒரோவழி அவர் கண்ணை மறைத்தது. குலத்தலைவர்களின் கொடுமைகளை அவர் மெல்லவே தொட்டுச் செல்கின்றார். செவிவழிச் செய்திகளை எடையிட்டுப் பாராமல் ஏற்ற இடங்களும் உண்டு. பின்வந்த பட்டாளச் சரித்திரங்கள் பல அவர் நூலையே அடியாகக் கொண்டமையின் அவருடைய பிழைகளும் உடன் பரவின. மேலும், சொந்த நாட்டுக் குடிகளுக்கு இரங்கிய இவருக்குத் திரினிதாத் தீவில் அடிமைகள் உழைத்த தோட்ட உடைமையும் இருந்தது. அவ்வடிமைகளுக்காக அவர் எழுதுகோல் அங்ஙனம் எழவில்லை.

தந்தையும் தமையனும் அடுத்தடுத்து இறக்க, கார்த் நிலம் அவரிடம் வந்தது. கடனும் உடன் வந்தது. மணம் செய்துகொள்ளாத அவர், 1825-இல் மேஜர் ஜெனரலாக உயர்ந்து, 1829-இல் செயின்ட் லூசியாத் தீவின் கவர்னர் பதவியை ஏற்றுக் கடல் கடந்தார். இளமையில் தாம் போர்புரிந்த தீவே அது. 1743-ஆம் ஆண்டு வீரர் எந்தத் தீவுகளின் காய்ச்சலுக்கு அஞ்சி ஊர்நோக்கி நடந்தனரோ, அத்தீவுகளுள் ஒன்றில் அதே ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் ஸ்டூவர்ட் காய்ச்சலால் உயிர் நீத்தார்.

அவர் எழுதிய பட்டாளம் 2006-இல் ஸ்காத்லாந்தின் பிற படைகளோடு ஒரே ரெஜிமென்டாக இணைக்கப்பட்டு, அதன் ஒரு பிரிவாய்ப் பழம்பெயரோடு நிலவுகின்றது. கார்த்துக்கு அருகே கெல்ட்னிபர்ன் என்னுமிடத்தில் 1925-இல் எடுத்த அவருடைய சிலை, மலைநாட்டு உடையுடன் சாலையோரம் நிற்கின்றது.