நாவெழாத பாரிஸ்டர்

மேடை ஏறியதும் கால் நடுங்குகிறது, நா வறள்கிறது, மனப்பாடமாக இருந்த சொற்களெல்லாம் எங்கோ ஓடி ஒளிகின்றன. நேர்முகத் தேர்விலும், சொற்போரிலும், பந்தயக் களத்திலும் இந்த நிலையை அறியாத மாணவர் யார்? அச்சம் பிறப்பது மனத்தில். அது ஆட்டி வைப்பதோ உடலை. சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன, நெஞ்சு விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ போரிடவோ உடல் ஆயத்தமாகிறது. அமைதியாகப் பேசுவதற்கு அன்று. இதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் காந்தியடிகளின் இளமைக் காலமே நினைவுக்கு வரும்.

1869 அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடும் பிள்ளை. யாரேனும் பேச்சுக் கொடுத்துக் கேலி செய்வார்களோ என்ற அச்சம்! 1888-இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். அங்கே சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இடம் கிடைத்தது; ஆனால், வாய் திறக்க இயலவில்லை. ஒருமுறை வெண்ட்னர் என்னும் ஊரில், எழுதி வைத்திருந்த உரையைப் படிக்க எழுந்தார். ஒரு தாளுக்குள் அடங்கிய சிற்றுரைதான். ஆயினும் கண் மங்கியது; உடல் நடுங்கியது. உடன் வந்த நண்பரே அதைப் படிக்க வேண்டியதாயிற்று.

1891-இல் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார். பம்பாய்ச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு; கட்டணம் 30 ரூபாய். வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுழன்றது, நீதிமன்றமே சுழல்வதுபோல் தோன்றியது. ஒரு கேள்வியும் எழவில்லை. அமர்ந்துவிட்டார். வழக்கை வேறொரு வழக்கறிஞரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். துணிவு பிறக்கும்வரை வழக்கு ஏற்பதில்லை என்றும் உறுதி செய்துகொண்டார்.

சட்டம் அவருக்குத் தெரியாமல் இல்லை. அறிவு இருந்தும் உடல் ஒத்துழைக்கவில்லை.

1893-இல் தென்னாப்பிரிக்கா சென்றார். முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும், நிறத்தின் காரணமாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இரயிலிலிருந்து இறக்கப்பட்டார். சில நாட்களில் பிரிட்டோரியா நகரத்து இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். வாணிகத்தில் வாய்மை, தூய்மை, ஒற்றுமை ஆகியவற்றை எடுத்துரைத்தார். ஒரு சங்கம் காண வேண்டும் என்றார். தம் வாழ்வின் முதல் பொதுச் சொற்பொழிவாக அதையே அவர் பின்னாளில் குறித்தார்.

இலண்டனில் நடுங்கிய நா இங்கே எவ்வாறு எழுந்தது? என் கருத்து இதுதான். முன்பு அவர் நினைவெல்லாம் தம்மைப் பற்றியே இருந்தது. பிரிட்டோரியாவில் தம் மக்களின் துன்பத்தைப் பற்றி இருந்தது. பேசவேண்டிய பொருள் பெரிதாயிற்று. பேசுகின்ற 'நான்' சிறிதாயிற்று.

அதனால் அச்சம் அடியோடு அகன்றதா? இல்லை. 1901-இல் கல்கத்தாக் காங்கிரசில் தென்னாப்பிரிக்கத் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோதும் நடுங்கிக்கொண்டே எழுந்தார். ஆனால், எழுந்தார்! கூச்சமே தமக்குச் சொற்சுருக்கத்தைக் கற்பித்தது என்று தம் வரலாற்றில் எழுதியும் வைத்தார். 1948 சனவரி 30-இல் அவர் மறைந்தபோது உலகமே கலங்கியது.

தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து, பிறமொழியாளர் நடுவே பேசத் தயங்கும் நண்பர்களே! நடுக்கம் நின்ற பிறகு எழலாம் என்று காத்திராதீர்கள். சொல்லத்தக்க பொருள் நெஞ்சில் நிறைந்திருந்தால், நடுங்கும் காலோடும் எழுந்து நில்லுங்கள்.