வீட்டுக்கு வீடு தெய்வத்தை அனுப்பிய ஓவியர்

காணிப்பாக்கம் பிள்ளையாரைத் தரிசித்து வெளியே வருகிறவர்களில் பலர், ஒரு சாமி படம் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்புகிறார்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் வாடகை அறையில் குடியிருக்கும் தொழிலாளியும் சுவரில் ஆணி அடித்ததும் முதலில் மாட்டுவது அதைத்தான். இந்த வழக்கம் நாடெங்கும் பரவ வழி செய்தவர்களில் முக்கியமானவர் ராஜா ரவிவர்மா.

திருவாங்கூர் சமஸ்தானத்துக் கிளிமானூரில் 1848 ஏப்ரல் 29-ந் தேதி பிறந்தார். தைல வண்ண ஓவியத்தில் தேர்ந்த மதுரை ராமசாமி நாயக்கர், அவருக்கு அந்த வித்தையைக் கற்றுத்தர மறுத்துவிட்டார். நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவில் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள்.

1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். மன்னர்கள் அழைத்தார்கள். பரோடா மகாராஜாவுக்குப் புராணக் காட்சிகளாக 14 ஓவியங்கள் தீட்டினார். ஆனால் அரண்மனைச் சுவரில் தொங்கும் படத்தைக் கூலிக்காரன் எங்கே பார்ப்பது?

கும்பகோணத்தில் பிறந்து திவானாக உயர்ந்த சர் டி. மாதவராவ், ஓவியங்களை அச்சிட்டுப் பரப்பும்படி 1884-லேயே யோசனை கூறியிருந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1894-ல், ரவிவர்மா பம்பாயில் சொந்த அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்கள் வந்தன.

ஜப்பானியர் தங்கள் நாட்டுக் கதைகளை மரப் பலகையில் செதுக்கி, வண்ணத்துக்கு ஒரு பலகையாக அச்சிட்டு வந்தார்கள். இங்கே மரத்துக்குப் பதில் கல். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் படம் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் பதித்தார்கள். சகுந்தலையின் பிறப்பு முதலில் வந்தது. லட்சுமியும் சரஸ்வதியும் தொடர்ந்தார்கள்.

கோவில் வாசலில் பலரைத் தடுத்து நிறுத்திய காலம் அது. அவர்கள் வீட்டுக்கு லட்சுமி தானே வந்து சேர்ந்தாள்!

ரவிவர்மாவுக்கோ அந்த லட்சுமி கடாட்சம் கிட்டவில்லை. பம்பாயில் பிளேக் பரவியது. அச்சகம் லோனாவாலா அருகே மளவ்லிக்கு மாறியது. கடன் ஏறியது. கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மானிய நிபுணர் ஷ்லைக்கருக்கே அச்சகத்தை விற்றார். 1905-ல், தூரிகையில் துணை நின்ற தம்பி ராஜராஜ வர்மா மறைந்தார். மறு ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி ரவிவர்மாவும் காலமானார்.

1972-ல் அந்த அச்சகம் தீக்கிரையானது. ஆனால் அவர் காட்டிய லட்சுமியின் முகம் அழியவில்லை. இன்றும் காலண்டர்களிலும் கடைச் சுவர்களிலும் அதன் சாயலைக் காணலாம். முதலாளியாகத் தோற்றவர், ஏழையின் பூஜை மாடத்தில் நிலைத்துவிட்டார்.