எட்டு சென்டிமீட்டர்

ஆல்டஸ் ஹக்ஸ்லி ஆறடிக்கும் மிகுந்த உயரமுடையவர். 1932-இல் வெளிவந்த 'பிரேவ் நியூ வேர்ல்டு' நாவலில் அவர் படைத்த பெர்னார்ட் மார்க்ஸோ, தன் வகுப்பாருக்கு வகுக்கப்பட்ட அளவினும் எட்டு சென்டிமீட்டர் குறைந்தவன். இம்முரண் என்னை நெடுநாள் அலைக்கழித்தது.

1894 ஜூலை 26-இல் சர்ரேயிலுள்ள கொடால்மிங்கில் பிறந்தார் ஹக்ஸ்லி. டார்வினுக்காக வாதிட்ட தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி அவருடைய பாட்டனார். 1908-இல் தாய் மறைந்தார். 1911-இல், ஈட்டனில் பயிலுங்கால், கருவிழி அழற்சியால் பார்வை ஏறக்குறைய பறிபோயிற்று, பிரெயில் கற்றார். மருத்துவக் கனவு கலைந்தது. 1914-இல் தமையன் ட்ரெவெனன் தற்கொலை செய்துகொண்டார். ஓரளவு மீண்ட கண்களோடு ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் பயின்று, 1916-இல் முதல் வகுப்பில் தேறினார். ஒத்த வயதினர் போர்முனையில் மடிந்துகொண்டிருக்க, கண் குறையால் படை அவரை ஏற்கவில்லை. கூட்டத்துக்கு வெளியே நிற்பது எத்தகையது என்பதை ஏட்டில் படித்து அறிந்தவரல்லர் அவர்.

1931-இல், பிரான்சின் தென்கரையிலுள்ள சனாரியில், சில மாதங்களில் அந்நாவலை எழுதினார். மனிதர் குடுவைகளில் உருவாக்கப்படும் அவ்வுலகில், பெர்னார்டின் குடுவையில் தவறுதலாகச் சாராயம் கலந்துவிட்டதென்பது ஊர்ப்பேச்சு. கீழ்வகுப்பாரும் தன்னை மதியார் என்ற அச்சத்தால் அவன் வேண்டுமென்றே அதட்டுவான். ஆட்சியை வெறுப்பதாகச் சொல்லிக்கொள்வான். ஆயின், நியூ மெக்சிகோவிலிருந்து ஜான் என்னும் 'காட்டுமிராண்டி'யை அழைத்துவந்து புகழ் கிட்டியதும் அவ்வெறுப்பு கரைந்துவிடுகிறது. ஜான் விருந்தினர் முன் வர மறுத்த ஒரே மாலையில் புகழும் போயிற்று. தீவுக்கு நாடுகடத்தப்படும்போது அழுது மன்றாடுகிறான். நண்பன் ஹெல்ம்ஹோல்ட்ஸோ தட்பவெப்பம் மோசமான தீவையே கேட்டுப் பெறுகிறான்.

பெர்னார்டைக் கோழை என்று கூறி நகர்ந்துவிடும் திறனாய்வாளரோடு எனக்கு உடன்பாடில்லை. புறப்படுமுன் அவன் ஜானிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறான். முகத்தில் புதியதோர் அமைதி. ஹக்ஸ்லி அவனுக்கு அளித்த ஒரே கருணை அது. தம் வடுவை அவர் எவ்வளவு கண்டிப்போடு நோக்கினார் என்பதும் அங்கேதான் எனக்குப் புலப்பட்டது. தம்மை நாயகனாக்கிக்கொள்வது அவருக்கு எளிதாயிருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. கவிதை எழுதும் நாம், நம் புறக்கணிப்பைப் பாடுகையில், இத்தனை கண்டிப்போடு இருக்கிறோமா?

1937-இல் அமெரிக்கா சென்றார். 1961-இல் வீடு தீப்பற்றி நூல்களும் கையெழுத்துப் படிகளும் எரிந்தன. மறு ஆண்டில் வந்த 'ஐலண்ட்' நாவலில் தீவு தண்டனையன்று, வாழத்தக்க இடம். 1963 நவம்பர் 22-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மறைந்தார். கென்னடி சுடப்பட்டதும் அன்றே; ஹக்ஸ்லியின் மறைவை உலகம் அன்று பெரிதாகக் கவனிக்கவில்லை.