சுழியை வினவிய மேதை

அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்து ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் பிறந்தவர் கணிதமேதை இராமானுசன். தந்தை சீனிவாசன் கும்பகோணத்துத் துணிக்கடையில் கணக்கர், தாய் கோமளத்தம்மாள். இராமானுசன் கும்பகோணத்தில் கல்வி பயின்றார்.

ஓர் எண்ணை அதே எண்ணால் வகுத்தால் ஒன்று கிடைக்கும் என ஆசிரியர் கற்பித்தபோது, சுழியைச் சுழியால் வகுத்தாலும் ஒன்றுதானா எனச் சிறுவன் இராமானுசன் வினவியதாகக் கூறுவர். அவ்வினா ஆழமானது. சுழியோடு எந்த எண்ணைப் பெருக்கினாலும் சுழியே வரும். எனவே அவ்வகுத்தலுக்கு எல்லா எண்களும் பொருந்தும்; உறுதியான ஒரு விடை இல்லை. கணிதம் அதனை வரையறுக்கப்படாதது என்று ஒதுக்கி வைக்கிறது.

பிற்காலத்திலும் அவர் உள்ளம் அத்தகைய எல்லைகளையே நாடியது. 1, 2, 3, 4 என எண்களை முடிவின்றிக் கூட்டிச் சென்றால் தொகை எங்கும் நிலைகொள்வதில்லை. அத்தகைய விரியும் தொடர்களுக்கு மாறிலி ஒன்றைக் கணிக்கும் முறையை இராமானுசன் வகுத்தார். அம்முறைப்படி இத்தொடருக்குரிய மதிப்பு −1/12 ஆகும்.

1912இல் அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியம் பெறும் எழுத்தர். அவருடைய குறிப்புகளைக் கண்ட இலண்டன் பேராசிரியர் ஹில், விரியும் தொடர்களில் இளைஞர் இடறிவிட்டதாகக் கருதினார். இராமானுசன் தளரவில்லை. 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்சு அறிஞர் ஹார்டிக்கு எழுதிய மடலில் அதே முடிவையும் சேர்த்தார். வியப்புக்குரிய முடிவுகள் நிறைந்த அம்மடலில் ஹார்டி மேதைமையைக் கண்டார். 1914இல் இங்கிலாந்து சென்ற இராமானுசன், 1918இல் அரசவைக் கழக உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32ஆம் வயதில் மறைந்தார்.

அச்சிறுவன் வினவிய கணக்கை இன்று ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியிடம் கொடுத்தால், ஒன்று என்னும் விடை வராது; ‘எண் அன்று’ என்னும் குறியே வரும். ஒரு செயற்கூறுக்கு உரிய செயலுருபைத் தராமல் விட்டாலும், அம்மொழி தானாக ஓர் எண்ணை இட்டு நிரப்புவதில்லை. அவ்விடத்தை ‘வரையறுக்கப்படாதது’ எனக் குறிக்கிறது. நிரலர் முன்னரே ஓர் இயல்பு மதிப்பை விதித்திருந்தால் மட்டும் அம்மதிப்பை ஏற்கிறது. மதிப்பில்லாத இடத்தில் ஊகம் நுழையலாகாது. மதிப்பளிப்பதாயின் விதி தெளிவாக இருத்தல் வேண்டும். இராமானுசனின் வினாவும் ஆய்வும் இவ்விரண்டையும் உணர்த்துகின்றன.