ஜான் லெத்பிரிட்ஜும் அவர் தோட்டத்துக் குழியும்

ஆழ்கடலில் இறங்கி மீண்ட வீரர் பலருடைய வரலாறுகளை நாம் படிக்கின்றோம். அவர்கள் எத்துணை ஆழம் சென்றனர், எவ்வளவு பொருள் கொணர்ந்தனர் என்று வியந்து பேசுகின்றோம். ஆயினும், அவர்கள் முதன்முதல் எந்த நீரில் இறங்கிப் பழகினர் என்று வினவுவார் மிகச் சிலரே. அவ்வினாவிற்கு நல்லதொரு விடையாக அமைந்தது ஜான் லெத்பிரிட்ஜ் என்னும் ஆங்கிலேயரின் வாழ்க்கை. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் டெவன் என்னும் நாடு உளது. அந்நாட்டில் டீன் ஆற்றை அடுத்துள்ள நியூட்டன் அபட் என்னும் ஊரே லெத்பிரிட்ஜ் வாழ்ந்த ஊர். இவர் 1675-ஆம் ஆண்டில் பிறந்தவர் என்பர். கம்பளி வாணிபம் இவரது தொழில். வாணிபத்தில் ஆதாயம் குன்றிற்று, குடும்பமோ பெருகிற்று. இவருக்குப் பிறந்த மக்கள் பதினெழுவர் என்பர். 1715-ஆம் ஆண்டில், நாற்பது வயதை அணுகிய நிலையில், இவர் கொடிய வறுமையை எய்தினார். பிள்ளைகளுக்கு உணவளிக்க வழி யாது என்று எண்ணி ஏங்கிய அந்நாளிலேதான், கடலின் அடியில் கிடக்கும் செல்வத்தின்மேல் இவரது கருத்துச் சென்றது.

அக்காலத்தில் கீழ்நாடுகளுக்குச் சென்ற வாணிபக் கப்பல்கள் வெள்ளிப் பாளங்களையும் நாணயங்களையும் ஏற்றிச் செல்லும். புயலில் அகப்பட்டும் பாறையில் மோதியும் அவற்றுட் பல அமிழ்ந்துபோயின. அமிழ்ந்த பொருளை மீட்கும் வழிகளோ குறைவு. மூச்சடக்கி மூழ்குவோர் நீரின்கீழ்ச் சிறிது நேரமே தங்க இயலும். வானநூற் புலவராகிய எட்மண்ட் ஹாலி 1691-ஆம் ஆண்டில் திருத்தியமைத்த மூழ்குமணி ஒன்று இருந்தது. கவிழ்த்த மணி போன்ற அக்கூட்டினுள் மனிதர் அமர்ந்திருக்க, பீப்பாய்களில் அடைத்த காற்றை மேலிருந்து இறக்கிக் கொடுப்பர். அது பெரியதொரு கருவி. அதனை இயக்கப் பலர் வேண்டும். பொருளிழந்து நின்ற ஒருவர் எண்ணத்தக்கதன்று. ஒரு மனிதன் மட்டும் உள்ளே கிடந்து, கைகளை மாத்திரம் வெளியே நீட்டி வேலை செய்யத்தக்க மரக்கூடு ஒன்று செய்தல் கூடுமா என்று லெத்பிரிட்ஜ் ஆராயத் தொடங்கினார்.

கருத்துத் தோன்றிற்று, அதனைச் சோதிப்பது எங்ஙனம்? அவரது ஊருக்குக் கடல் அண்மையில் இருந்தது. ஆயினும் அவர் கடலை நாடினாரல்லர். முதலில் தரையிலேயே ஒரு பெரும் பீப்பாயினுட் புகுந்து, அதனைக் காற்றுப் புகாவண்ணம் அடைக்கச் செய்து, அரை மணி நேரம் உள்ளிருந்தார். உயிருக்கு ஊறு நேரவில்லை. அதன்பின் தம் பழத்தோட்டத்தின் கீழ்க்கோடியில், கிணறு ஒன்றின் அருகே, ஒரு குழி வெட்டினார். பீப்பாய் முழுதும் மறையும் அளவிற்கு அதில் நீர் நிரப்பினார். பின்பு பீப்பாயோடு அந்நீரினுள் அமிழ்ந்து, வெளிக்காற்றின் தொடர்பு சிறிதுமின்றி எவ்வளவு நேரம் உயிரோடிருக்கலாம் என்று அளந்து பார்த்தார். தரையில் இருந்ததினும் மிகுதியான நேரம் நீருக்குள் இருக்க முடிந்தது என்பது அவர் கண்ட முடிவு.

இக்குழியைச் சிறிது கூர்ந்து நோக்குவோமாக. இஃது அவருடைய சொந்த நிலத்தில் இருந்தது. நினைத்தபோது இறங்கலாம், பிழை கண்டபோது நிறுத்தலாம். அருகே கிணறு இருந்தமையால் நீருக்குக் குறைவில்லை. அலையில்லை, நீரோட்டமில்லை, ஏற்றவற்றமில்லை. ஆழமோ பீப்பாயை மறைக்கும் அளவே. ஆதலின் பலகை பிளந்து நீர் புகுந்தாலும் கரையில் நிற்போர் விரைந்து உதவக் கூடும். அதே பிளவு கடலில், பத்துப் பாகம் ஆழத்தில் நிகழ்ந்திருக்குமாயின், அவரோடு அக்குடும்பத்தின் நம்பிக்கையும் மாண்டிருக்கும். வறுமை அவரை விரைவுபடுத்திற்று. எனினும் அவர் அறிவு அவரை விரையவொட்டாமல் தடுத்தது. இதுவே இவர் வரலாற்றில் நாம் போற்றத்தக்க முதற் செய்தி.

குழியிற் பெற்ற துணிவைக் கொண்டு, லண்டன் நகரில் பீப்பாய் செய்யும் தச்சர் ஒருவரைக் கொண்டு தம் பொறியைச் செய்வித்தார். அஃது ஓக்குப் பலகையால் ஆகிய உருண்டைக் கூடு. நீளம் ஏறத்தாழ 6 அடி. தலைப்பக்கத்தின் குறுக்களவு 2½ அடி. காற்பக்கம் 18 அங்குலம். நீரின் அழுத்தத்தைத் தாங்குமாறு உள்ளும் புறமும் இரும்பு வளையங்கள் பூட்டப்பெற்றன. கைகளை நீட்ட இரண்டு துளைகள். கண்ணுக்கு நேரே 4 அங்குல அகலமும் 1¼ அங்குலக் கனமும் உள்ள ஒரு கண்ணாடி. மேற்புறத்தில் இரண்டு காற்றுத் துளைகள். மேலே மிதக்கும்போது ஒரு துளைவழியாகத் துருத்தியால் புதுக்காற்றை ஊதி, இறங்குமுன் இரண்டையும் அடைத்துவிடுவர். லெத்பிரிட்ஜ் கால்களை முன்னிட்டு உள்ளே நுழைந்து, கைகளைத் துளைகளின் வழியே செலுத்திய பின்னர், மூடியைத் திருகாணிகளால் முடுக்குவர். அப்பால் அவர் மார்பின்மேல் குப்புறக் கிடந்தவாறே தொழில் செய்தல் வேண்டும். அடைக்கப்பட்டபின் தாமாக வெளிவர வழியில்லை. மேலே உள்ளவர்க்குக் குறிப்பறிவிக்க ஒரு சிறு கயிறே துணை.

இப்பொறியை அமிழ்த்த 5 அந்தர், அஃதாவது 560 ராத்தல், நிறை வேண்டியிருந்தது. அதில் 15 ராத்தலை மட்டும் குறைத்தால் பொறி மேலெழுந்து மிதக்கும். இத்துணை நுட்பமான சமநிலையை வெறும் எண்ணத்தாற் பெறுதல் இயலாது. பன்முறை நீரில் இறக்கிப் பார்த்தே பெறுதல் கூடும். மேலும், கடல்நீர் நன்னீரினும் நாற்பதில் ஒரு பங்கு கனமுடையது. ஆதலின் நன்னீரில் அமிழ்வதற்குப் போதிய நிறை கடலிற் போதாது. நன்னீரிற் பயின்றோர் கடலுக்குச் செல்லுங்கால் இந்நிறையை மீண்டும் சரிபார்த்துக்கொள்வது இன்றும் வழக்கம்.

பொறியினுள் இருந்த காற்று மேற்பரப்பின் அழுத்தத்திலேயே இருந்தது. வெளியே நீட்டிய கைகளையோ கடல்நீர் நெருக்கிற்று. பத்துப் பாகம், அஃதாவது 60 அடி ஆழத்தில், ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மேலும் ஏறத்தாழ 27 ராத்தல் அழுத்தம் மிகும். நீர் கசியாதிருக்க எண்ணெயூட்டிய தோற்பட்டைகளால் கைகள் இறுகக் கட்டப்பெற்றிருந்தன. அந்நிலையில் அவர் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. உள்ளேயோ, வெளிவிட்ட மூச்சின் கரியமிலவாயு நிமிடந்தோறும் பெருகும். இவ்வாறிருந்தும் கடலடியில் 34 நிமிடம் வரை பலமுறை தங்கினார். இடையிடையே மேலெழுந்து துருத்தியால் காற்றேற்றிக்கொண்டு, ஆறு மணி நேரத்திற்கு மேலாகவும் பொறியினுள் கிடந்ததுண்டு. பத்துப் பாகம் அவருக்குப் பழகிய ஆழமாயிற்று. பன்னிரண்டு பாகம் மிக்க வருத்தத்தோடு எய்திய எல்லை.

இவரது புகழ் பரவிற்று. சில காலம் ஜேக்கப் ரோ என்பவருடன் கூடித் தொழில் செய்தார். பின்னர் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனியார் இவரை நாடினர். 1724-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பட்டேவியாவுக்குச் சென்ற ஸ்லாட் தெர் ஹூகே என்னும் அவர்களது கப்பல், மடீரா தீவுக்கூட்டத்தைச் சார்ந்த போர்ட்டோ சாண்டோவின் கரையில் மோதிச் சிதைந்தது. அதிலிருந்த 254 பேரில் 33 பேரே பிழைத்தனர். 1500 வெள்ளிப் பாளங்கள் நீரில் ஆழ்ந்தன. மாதம் 10 பவுன் ஊதியமும், செலவும், மீட்கும் பொருளுக்கேற்ற பரிசும் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டு, 1725-ஆம் ஆண்டில் லெத்பிரிட்ஜ் அங்குச் சென்றார். அம்முதல் முயற்சியிலேயே 349 பாளங்களையும் நாணயங்களிற் பெரும்பகுதியையும் வெளிக்கொணர்ந்தார். பின்னரும் அவ்விடத்திற்குச் சென்று பல பாளங்களை மீட்டார். ஆப்பிரிக்காவின் தென்முனையிலும் இவர் பொறி இறங்கியதுண்டு.

வெற்றி பல பெற்றும் அபாயம் அவரை விட்டு நீங்கிற்றில்லை. ஐந்து முறை பொறியினுள்ளேயே மூழ்கி இறக்கும் நிலையை எய்தித் தப்பினார். ஆயினும் தொழிலைக் கைவிட்டாரல்லர். ஈட்டிய பொருளைக் கொண்டு தம் ஊருக்கருகே ஒடிக்னால் என்னும் பண்ணையை வாங்கி வாழ்ந்தார். 1749-ஆம் ஆண்டில், முதுமைப் பருவத்தில், தம் பொறியின் அமைப்பையும் தோட்டத்துக் குழியிற் செய்த சோதனையையும் விவரித்து லண்டன் பத்திரிகை ஒன்றிற்குக் கடிதம் வரைந்தார். நாம் இவற்றையெல்லாம் அறிவது அக்கடிதத்தின் பயனே. புகழ் மிகுந்த காலத்திலும் அச்சிறு குழியை அவர் மறைத்தாரல்லர் என்பது கருதத்தக்கது. 1759-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் உல்பரோ ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பெற்றார். ஆங்கில, ஒல்லாந்த வணிகர்களுக்காக ஏறத்தாழ ஒரு லட்சம் பவுன் மதிப்புள்ள பொருளைக் கடலினின்று மீட்டவர் என்று அவ்வாலயத்தின் பதிவேடு அவரைக் குறிக்கின்றது.

1974-ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்தெனுயி என்னும் பெல்ஜிய ஆராய்ச்சியாளர், லெத்பிரிட்ஜின் வெள்ளிக் குவளை ஒன்றிற் பொறித்திருந்த வரைபடத்தைத் துணைக்கொண்டு, அவ்வொல்லாந்தக் கப்பல் கிடந்த இடத்தை மீண்டும் கண்டார். லெத்பிரிட்ஜின் பொறியைப் போல் அமைத்த மாதிரி ஒன்று பிரான்ஸ் நாட்டுச் செர்பூர் நகரக் காட்சிச்சாலையில் உளது.

இக்காலத்தில் காற்றுக்கலத்தை முதுகிற் சுமந்து நீந்தி மூழ்கும் கலை பெருகியுள்ளது. அதனைக் கற்போரும் கடலிற் குதித்துத் தொடங்குவதில்லை. முதலில் நீச்சற்குளம், அடுத்து அண்மையிலுள்ள ஏரியோ, நீர் நிரம்பிய பழங் கற்சுரங்கமோ. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ஸ்டோனி கோவ் என்னும் இடம் இதற்குத் தக்க சான்று. 1958-ஆம் ஆண்டில் கல்லெடுப்பது நின்றபின், ஊற்றுநீர் அச்சுரங்கத்தை நிரப்பிற்று. அடிப்பகுதியின் ஆழம் ஏறத்தாழ 35 மீட்டர். ஆனால் கல்வெட்டியோர் விட்டுச் சென்ற படிகளுள் ஒன்று 6 அல்லது 7 மீட்டர் ஆழத்திலேயே உளது. புதியோர் அப்படியில் நின்று பழகலாம். வட கடலில் எண்ணெய்த் தொழில் செய்த மூழ்குவோரும் இங்குப் பயின்றதுண்டு.

இத்தகைய இடத்தைத் தேர்வோர் காணவேண்டியவை, லெத்பிரிட்ஜின் குழியில் நாம் கண்டவையே. கரையிலிருந்து எளிதில் இறங்கவும் ஏறவும் வழி வேண்டும், ஆழம் சிறிதாகவும் அளந்தறிந்ததாகவும் இருத்தல் வேண்டும், நீரோட்டம் இருத்தலாகாது, உதவி அருகிலேயே இருத்தல் வேண்டும், நிலத்துக்குரியவரின் இசைவும் வேண்டும். எனினும் நன்னீர் என்றதனால் அச்சமில்லை என்று கொள்ளற்க. அடிச்சேறு கலங்கினால் முன்னே நீட்டிய கையும் தோன்றாது. கோடையிலும் ஆழ்நீர் கடுங்குளிராய் இருக்கும். காற்றுக்கலம் பூண்டவன் மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுவானாயின், சில அடி ஆழத்திலும் நுரையீரல் கிழிந்துபோதல் கூடும். ஆதலின் தேர்ந்த ஆசிரியரின்றிச் சிறுகுளத்திலும் இறங்கலாகாது.

ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் முதியோர் வாக்கு. அதனைக் கேட்டு அஞ்சி, கரையிலேயே நின்றுவிடுவோரும் உளர். கேளாது பாய்ந்து அழிவோரும் உளர். லெத்பிரிட்ஜ் இவ்விரு திறத்தாருள்ளும் சேர்ந்தவரல்லர். ஆழத்தை அறியத் தாமே ஒரு சிற்றாழத்தை வெட்டிக்கொண்டார். மாணவ நண்பர்களே, கல்லூரியை விட்டு நீங்கி உலகமென்னும் பெருங்கடலை நோக்கி நிற்கும் நமக்கு அப்பெரியார் விட்டுச் சென்ற செல்வம், போர்ட்டோ சாண்டோவின் வெள்ளியன்று. கிணற்றருகே அவர் வெட்டிய அக்குழியே ஆகும்.